ஆடை உலகைப் பற்றிய ஆவணப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படங்களை ஆடை உலக ஆவணப்படங்கள் என்று சொல்லலாம்?

ஆடையை வடிவமைப்பவர், தைப்பவர், அணிந்து காட்டுபவர், அதைப் படமெடுத்து இதழில் அச்சிடுபவர், விற்பவர், உடுத்திக் கழித்த பிறகு அதைக் கிழித்து மீண்டும் நூலாக்குபவர் என இந்தத் தொழிலில் கைவைத்த எவரைப் பற்றியும் நடிப்பின்றிப் பதிவு செய்யப்பட்ட படங்கள் அனைத்தையும் இப்பெயரில் சேர்க்கலாம். ஃபேஷன் படம் என்றதும் பலருக்கும் பாரிஸின் மேடையும் அதில் நடந்து வரும் பெண்களும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. குஜராத்தில் துணிக்குச் சாயமேற்றும் ஆலையும், பானிப்பட்டில் பழந்துணி கிழிக்கும் கூடமும் அதே தொழிலின் உறுப்புகள்தாம். அவற்றைப் பற்றிய படங்களைத் தொழிலாளர் பிரச்சினை என்று பெயரிட்டு வேறு அலமாரியில் வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் ஒன்று மற்றொன்றுக்கு விளக்கமாக அமைகிறது.

இவை பெரும்பாலும் நிறுவனங்களின் விளம்பரங்கள்தாமே?

சில அப்படித்தான். ஆனால் எது விளம்பரம், எது படம் என்று பிரித்தறிய ஒரு கேள்வி எனக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது: கேமராவுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் யார், எதை எதிர்பார்த்துத் திறந்தார்? எல்லா ஆவணப்படத்துக்கும் இக்கேள்வி பொருந்தும் என்றாலும், ஆடைத் தொழிலில் அதற்குத் தனி எடை உண்டு. தோற்றத்தை விற்றுப் பிழைக்கும் தொழில், தன் தோற்றம் எப்படித் தெரிய வேண்டும் என்பதில் மிகுந்த கவனத்தோடு இருக்கும். உள்ளே வர அனுமதி தருவதும், அனுமதித்த பின் எந்த அறையின் கதவை மூடி வைப்பது என்று முடிவு செய்வதும் அத்தொழிலுக்குக் கைவந்த கலை. ஆகவே, அனுமதியோடு எடுக்கப்பட்ட படம் என்பதாலேயே ஒன்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அந்த அனுமதியின் எல்லைக்குள் நின்றுகொண்டு இயக்குநர் எதைக் கண்டெடுத்தார் என்று பார்க்க வேண்டும்.

முதன்முதலாக ஒரு படம் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்க்கலாம்?

பிரெடெரிக் செங் இயக்கி 2014-இல் வெளிவந்த 'டியோர் அண்ட் ஐ' படத்தைச் சொல்வேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த ராஃப் சைமன்ஸ் 2012 ஏப்ரலில் பாரிஸின் ஆடம்பர ஆடை நிறுவனமான டியோரின் தலைமை வடிவமைப்பாளராகப் பொறுப்பேற்கிறார். 'ஹோட் கூட்யூர்' எனப்படும், வாடிக்கையாளரின் உடலளவுக்கு ஏற்பக் கையால் தைக்கப்படும் ஆடைகளை அதற்கு முன் அவர் செய்ததே இல்லை. வழக்கமாகப் பல மாதங்கள் பிடிக்கும் ஒரு தொகுப்பை எட்டு வாரங்களில் முடித்து ஜூலையில் மேடையேற்ற வேண்டும். நிறுவனத்தின் முழு ஒத்துழைப்போடு எடுக்கப்பட்ட படம் இது. எனினும், இயக்குநரின் கண் வடிவமைப்பாளரின் மீது மட்டும் நிற்கவில்லை. பாரிஸின் அவென்யூ மோந்தேன் வீதியில் உள்ள நிறுவனக் கட்டடத்தின் மாடிப்படிகளில் ஏறி, வெள்ளைக் கோட்டு அணிந்த தையற்கலைஞர்கள் வேலை செய்யும் கூடங்களுக்குள் போய், அவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிறது.

அப்படத்தில் ஓர் இடத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன். தொகுப்பு முடிய நாள்கள் எண்ணப்படும் நேரத்தில், தையற்கூடத்தின் தலைவி ஒருவர் நியூயார்க்குக்கு விமானம் ஏற நேர்கிறது. அங்கே ஒரு வாடிக்கையாளரின் உடை சரியாகப் பொருந்தவில்லை. பருவத்துக்குப் பருவம் பெருந்தொகை செலவிடும் அந்த வாடிக்கையாளருக்கு முடியாது என்று சொல்ல நிறுவனத்தால் முடியாது. பாரிஸில் காடாத் துணியில் தைத்த மாதிரிகள் தன் முன் வந்து நிற்கும் என்று காத்திருந்த சைமன்ஸுக்கு, அவை வராத காரணம் தெரிந்ததும் முகம் மாறுகிறது. குரல் உயரவில்லை, ஆனாலும் அறையில் இருக்கும் அனைவரும் தரையைப் பார்க்கிறார்கள். புதுமை படைக்க வந்த கலைஞர் ஒரு பக்கம், பணம் கட்டிய வாடிக்கையாளர் ஒரு பக்கம், நடுவில் ஊசியும் நூலுமாக ஒரு பெண். இத்தொழில் எப்படி இயங்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை.

மற்றொரு காட்சியும் உண்டு. ஸ்டெர்லிங் ரூபி என்ற ஓவியரின் படங்களைத் துணிக்குக் கொண்டுவர நினைக்கிறார் சைமன்ஸ். நெய்து முடித்த துணியில் அச்சிடாமல், நெய்வதற்கு முன்பே, துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் அச்சிட வேண்டும் என்கிறார். அப்படிச் செய்தால் நெய்யும்போது நூல் சற்றே விலகி, வண்ணத்தின் விளிம்புகள் மங்கித் தெரியும். நெசவு தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள சிரமம் உடனே விளங்கும். அந்தச் சிரமத்தைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது.

'தி செப்டம்பர் இஷ்யூ' படம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அமெரிக்க ஃபேஷன் இதழான 'வோக்'கின் ஆசிரியராக 1988 முதல் இருந்த அன்னா வின்டூரின் அறைக்குள் கேமரா நுழைந்தது என்பதற்காகவே பலர் அதைப் பார்த்தார்கள். ஆர். ஜே. கட்லர் இயக்கி 2009-இல் வெளிவந்த அப்படம், 2007 செப்டம்பர் இதழ் உருவாகும் மாதங்களைப் பின்தொடர்கிறது. 840 பக்கங்கள் கொண்ட அந்த இதழில் பெரும்பகுதி விளம்பரங்கள். பார்க்கப் போனவர்கள் வின்டூரைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வரும்போது அவர்கள் மனத்தில் இருந்தவர் கிரேஸ் கோடிங்டன். வேல்ஸில் பிறந்து, மாடலாக வாழ்வைத் தொடங்கி, பின்னர் இதழின் படைப்பு இயக்குநரானவர். அவர் உழைத்து உருவாக்கிய படங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்படுவதையும், அவர் சோர்ந்து மீண்டும் எழுவதையும் படம் கூடவே இருந்து பார்க்கிறது.

ஒரு நிழற்பட அமர்வில், ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரையே கோடிங்டன் சட்டகத்துக்குள் இழுத்து மாடலோடு குதிக்க வைக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்த வின்டூர் ஒளிப்பதிவாளரின் தொப்பையைக் குறிப்பிடுகிறார். அதைக் கணினியில் திருத்திவிட வேண்டாம், உள்ளபடியே இருக்கட்டும் என்று கோடிங்டன் தொலைபேசியில் உறுதியாகச் சொல்கிறார். எல்லா உடலும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் ஒரு தொழிலின் நடுவில், ஒரு சாதாரண மனிதரின் வயிற்றுக்காக ஒருவர் வாதாடுவது எளிய செயல் அன்று.

ஒரு தொழிற்சாலைக்குள் கேமரா எப்படி நுழைகிறது?

ஆடம்பர நிறுவனத்தின் கதவு புகழை எதிர்பார்த்துத் திறக்கிறது. தொழிற்சாலையின் கதவு பெரும்பாலும் தவறான எதிர்பார்ப்பில் திறக்கிறது. மிக்கா பெலெட் இயக்கிய 'சைனா ப்ளூ' 2005-இல் வெளிவந்தது. தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், ஜீன்ஸ் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் எடுக்கப்பட்ட படம். தன்னை ஒரு வெற்றிகரமான தொழில்முனைவோராகக் காட்டும் படம் வரப்போகிறது என்று கருதித்தான் உரிமையாளர் இடம் கொடுத்தார். படமோ, சிச்சுவானின் கிராமத்திலிருந்து வந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையாக உருவெடுத்தது. படத்தில் அவள் பெயர் ஜாஸ்மின். அவள் வேலை, தைத்து முடித்த கால்சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவது.

திருப்பூரில் அந்த வேலைக்குப் பிசிறு வெட்டுதல் என்று பெயர். என் தாயார் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு பனியன் கம்பெனியில் அதைத்தான் செய்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ட்ரிம்மரைப் பிடித்துப் பிடித்துத் தோல் காய்த்துப் போயிருந்த இடம், அவர் வேலையை விட்டு நெடுநாளான பிறகும் மறையவில்லை. ஒரு தொழிற்சாலையில் மிகக் குறைந்த கூலிக்குச் செய்யப்படும் வேலைகளுள் அதுவும் ஒன்று. தையற்காரருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்தவர்கூட ஒரு நாள் தையலில் உட்காரலாம். பிசிறு வெட்டுபவர் பிசிறு வெட்டிக்கொண்டே இருப்பார். இரவு வேலையில் கண் மூடிவிடாமல் இருக்க இமைகளில் துணிக் கிளிப்புகளை மாட்டிக்கொள்ளும் பெண்களை அப்படத்தில் கண்டபோது, சீனா தூரத்து நாடாக எனக்குத் தெரியவில்லை. முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முறையும், ஏற்றுமதித் தேதி நெருங்கும்போது நீளும் வேலை நேரமும் அங்கே விளக்கமாகக் காட்டப்படுகின்றன. யாருக்காகத் தைக்கிறோம் என்று தெரியாத ஜாஸ்மின், தன் வாழ்க்கையை ஒரு கடிதமாக எழுதி ஒரு ஜீன்ஸின் பைக்குள் வைத்து அனுப்புகிறாள்.

'மெஷின்ஸ்' படத்தில் விளக்கவுரையே இல்லையாமே, புரியுமா?

நன்றாகவே புரியும். குஜராத்தின் ஒரு துணி ஆலையில் ராகுல் ஜெயின் எடுத்த அப்படம் 2017-இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவுக்கான சிறப்பு விருதைப் பெற்றது. சிறு வயதில் சூரத்தில் தன் தாத்தாவின் ஆலைக்குள் ஓடியாடியவர் அவர். கதவைத் திறந்தது எது என்ற நம் கேள்விக்கு இங்கே விடை ஓரளவு அதிலேயே இருக்கிறது. வேர்வை, நீராவி, சாயக் குழம்பு, கொதிகலனுக்கு வாரிப்போடும் கரி ஆகியவற்றினூடே கேமரா நீண்ட நேரம் நடக்கிறது. இயந்திரத்தின் முன் நின்றபடியே ஒரு சிறுவன் தூங்கிவிழுவதும், திடுக்கிட்டு விழிப்பதும், மறுபடி இமை தாழ்வதும் வெட்டப்படாமல் காட்டப்படுகின்றன. அதைக் காணும் நம் உடல் தானாகவே முன்னே சாய்கிறது, அவனைத் தாங்கிக்கொள்ள. கடன் வாங்கி ரயிலேறிப் பிழைக்க வந்தவர்கள் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். குளிரூட்டப்பட்ட அறையில் கண்காணிப்புத் திரைகளைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் முதலாளி, கூலி குறைவாக இருந்த காலத்தில் ஆட்கள் ஒழுங்காக வேலை செய்தார்கள் என்ற பொருளில் பேசுகிறார். இயக்குநர் எதிர்வாதம் செய்யவில்லை. அந்தப் பேச்சுக்கு முன்னும் பின்னும் நாம் பார்த்தவை போதுமானவை.

இதற்கு நேர் எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது, மேட் டிர்னாவரின் 'வாலன்டினோ: தி லாஸ்ட் எம்பரர்' (2008). வாலன்டினோ என்ற இத்தாலிய வடிவமைப்பாளருக்கு ரோமில் இருந்த தையற்கூடத்துக்கு ஒரு முறை ஒரு தையல் இயந்திரம் வாங்கினார்கள், அதை யாரும் தொடவே இல்லை என்று அப்படத்தில் சொல்கிறார்கள். ஓரிடத்தில் இயந்திரத்தைத் தொடாமல் தைக்கும் உரிமை மதிப்பின் அடையாளம். மற்றோரிடத்தில் இயந்திரத்தை விட்டு ஒரு நொடி விலகும் உரிமைகூட இல்லை.

ரானா பிளாசா பற்றி எந்தப் படத்தைப் பார்ப்பது?

வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே சாவர் என்ற இடத்தில் இருந்த எட்டு மாடிக் கட்டடம் ரானா பிளாசா. 2013 ஏப்ரல் 24 அன்று அது இடிந்து விழுந்ததில் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வர வேண்டியதாயிற்று. இந்தப் பேரழிவிலிருந்து பிறந்த படம்தான் ஆண்ட்ரூ மார்கன் இயக்கிய 'தி ட்ரூ காஸ்ட்' (2015). மலிவு விலை ஆடையின் உண்மையான விலையை யார் கட்டுகிறார் என்ற கேள்வியைப் பெருந்திரளான பார்வையாளர்களிடம் கொண்டு சேர்த்த படம் அது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அதைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. பருத்தி வயல், பூச்சிக்கொல்லி, தோல் பதனிடும் ஊர், விளம்பர உளவியல், பொருளாதாரக் கோட்பாடு என்று அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. நிபுணர்கள் நிறையப் பேசுகிறார்கள், தொழிலாளர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். டாக்காவில் வேலை செய்யும் ஒரு தாய், தன் மகளை ஊரில் பெற்றோரிடம் விட்டுவிட்டுத் திரும்பும் பகுதி மட்டும் இன்னொரு தரத்தில் இருக்கிறது. அப்பகுதிக்காகவே அப்படத்தைப் பார்க்கச் சொல்வேன்.

நாம் கழித்துப்போடும் துணிகள் எங்கே போகின்றன என்பதைக் காட்டும் படம் உண்டா?

மேக்னா குப்தா இயக்கிய 'அன்ராவல்' (2012) என்ற குறும்படம் உண்டு. பதினான்கு நிமிடங்கள்தான். மேற்கு நாடுகளிலிருந்து வரும் பழைய உடைகள் மலைமலையாகப் பானிப்பட்டில் வந்து சேர, அங்குள்ள பெண்கள் பொத்தான்களை அறுத்து, ஜிப்பைப் பிரித்து, துணியைக் கிழித்துத் தருகிறார்கள். இயந்திரங்கள் அதை மீண்டும் நூலாக்குகின்றன. பெரும்பாலும் போர்வைகளாக அது மறுபிறவி எடுக்கிறது. புதிதுபோல் இருக்கும் இந்த ஆடைகளை ஏன் எறிகிறார்கள் என்று அந்தப் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அங்கே தண்ணீர் அவ்வளவு விலை போலும், துவைப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவாக இருக்கும் என்று ஒரு விடையும் கண்டுபிடிக்கிறார்கள். அளவில் பெரிய உள்ளாடை ஒன்றை உயர்த்திப் பிடித்து வியந்து சிரிக்கிறார்கள். இந்தத் தொழிலைப் பற்றிய படங்களில் தொழிலாளர்கள் இவ்வளவு மனம்விட்டுச் சிரிப்பது அரிது. அவர்களைப் பரிதாபத்துக்கு உரியவர்களாக மட்டும் காட்டாமல், உலகத்தை வேடிக்கை பார்த்து ஆராயும் மனிதர்களாகக் காட்டியதற்காக இயக்குநருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாடல்களின் வாழ்க்கையைப் பற்றி?

மூன்று படங்கள் போதும். பிரெடெரிக் வைஸ்மன் 1980-இல் எடுத்த 'மாடல்', நியூயார்க்கின் ஒரு மாடலிங் முகமையில் பேட்டியோ விளக்கவுரையோ இல்லாமல் அமர்ந்து பார்க்கிறது. காலுறை விளம்பரம் ஒன்றுக்காக ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் நீண்ட பகுதி, அழகு என்பது எவ்வளவு சலிப்பூட்டும் உழைப்பு என்பதை உணர்த்தும். 'பிக்சர் மீ' (2009) படத்தில் சாரா ஜிஃப் என்ற மாடல் தன் வேலையைத் தானே பல ஆண்டுகள் பதிவு செய்தார். இங்கே கதவைத் திறந்தவர் உள்ளே வேலை செய்பவர் என்பதால், வெளியார் கேட்க முடியாதவற்றைச் சக மாடல்கள் அவரிடம் சொல்கிறார்கள். 'கேர்ள் மாடல்' (2011) சைபீரியாவில் வரிசையாக நிறுத்தி அளக்கப்படும் சிறுமிகளில் தொடங்கி, அவர்களுள் பதின்மூன்று வயது ஒருத்தியை ஜப்பான் வரை பின்தொடர்கிறது. அவள் ஊர் திரும்பும்போது கையில் சம்பாத்தியம் இல்லை, கடன்தான் இருக்கிறது. மனத்தைக் கனக்க வைக்கும் படம், தனியே அமர்ந்து பார்க்க வேண்டாம்.

தன் முகத்தைக் காட்டவே மறுத்த வடிவமைப்பாளரைப் பற்றி எப்படிப் படமெடுத்தார்கள்?

மார்ட்டின் மார்ஜீலாவைக் குறிப்பிடுகிறீர்கள். ரெய்னர் ஹோல்ஸெமர் 2019-இல் எடுத்த படத்தில் அவரது குரலும் கைகளும் மட்டுமே வருகின்றன. பெயர் எழுதாத வெள்ளைத் துணியை நான்கு தையல்களால் உடையில் பொருத்தி, அதையே தன் அடையாளமாக்கிய மனிதர் அவர். சிறு வயதில் பொம்மைக்குத் தைத்த உடைகளை அந்தக் கைகள் எடுத்துக் காட்டும்போது, முகம் தேவைப்படவில்லை. கதவைப் பாதி மட்டும் திறந்துவைத்து, அந்தப் பாதியிலேயே ஒரு முழுப் படத்தை அனுமதித்தார்.

இதோடு சேர்த்துப் பார்க்க 'பில் கன்னிங்ஹாம் நியூயார்க்' (2010) பொருத்தமானது. பாரிஸின் துப்புரவுத் தொழிலாளர்கள் அணியும் நீல நிற மேலங்கியோடு, மிதிவண்டியில் சுற்றித் தெருவில் நடப்பவர்களின் உடைகளைப் படமெடுத்த நாளிதழ் நிழற்படக் கலைஞர் அவர். விருந்துகளுக்குப் போனால் ஒரு குவளை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். யாருக்கும் கடன்படாதவருக்கு எந்தக் கதவும் தேவையில்லை, தெருவே போதும்.

திருப்பூரில் இருப்பவர்கள் எந்தப் படத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும்?

ஆடைத் தொழிலால் நஞ்சாகும் ஆறுகளைப் பற்றிய 'ரிவர்ப்ளூ' படத்தைச் சொல்வேன். மார்க் ஏஞ்சலோ என்ற ஆற்றுப் பாதுகாவலர், சீனா, இந்தோனேசியா, வங்கதேசம், இந்தியா என்று ஆறு ஆறாகப் போய்ப் பார்க்கிறார். நம்மவர்கள் அதைப் பார்க்கும்போது நொய்யலை நினைக்காமல் இருக்க முடியாது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயப்பட்டறை மூடினால் ஊரில் எத்தனை அடுப்புகள் எரியாது என்பதும், திறந்திருந்தால் எத்தனை வயல்கள் விளையாது என்பதும் இரண்டுமே நமக்குத் தெரியும். வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் ஆற்றின் நிறத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆற்றங்கரை விவசாயியும் பட்டறைத் தொழிலாளியும் ஒரே குடும்பத்தில் இருக்கக்கூடும் என்ற சிக்கலை அந்த ஊரில் வாழ்ந்தவர்களே எடுத்தால்தான் சொல்ல முடியும்.

ஆடை வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் எந்த வரிசையில் பார்க்கலாம்?

'டியோர் அண்ட் ஐ' பார்த்த அன்றே, அல்லது மறுநாளே, 'மெஷின்ஸ்' பாருங்கள். இடையில் வேறொன்று வேண்டாம். அடுத்து 'சைனா ப்ளூ', கடைசியாக 'அன்ராவல்'. இப்படிப் பார்த்தால் ஒரு துணியின் பயணம் முழுவதும் கண்முன் வந்துவிடும்.

இந்தப் படங்களால் ஏதாவது மாறியிருக்கிறதா?

'மெஷின்ஸ்' படத்தின் முடிவை ஒட்டி, தொழிலாளர்கள் கேமராவைச் சூழ்ந்துகொண்டு இயக்குநரிடமே இதைக் கேட்கிறார்கள். தலைவர்கள் வருகிறார்கள், குறைகளைக் கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள், நீங்களும் அப்படித்தானே என்பது அவர்களின் கேள்வி. அந்தக் கேள்வியை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்திருப்பது நேர்மையான செயல்.

பெரிய மாற்றங்களைப் படங்கள் கொண்டுவந்ததாகச் சொன்னால் அது மிகையாகிவிடும். ரானா பிளாசா இடிந்த சில வாரங்களில், தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்கான ஒப்பந்தம் உருவாயிற்று. அதில் கையெழுத்திட்ட நிறுவனங்களின் எண்ணிக்கை பின்னர் இருநூறைத் தாண்டியது. அது சட்டப்படி அவற்றைக் கட்டுப்படுத்தியது. அதைச் சாத்தியமாக்கியவை அந்த மரணங்களும் தொழிற்சங்கங்களின் போராட்டமும்தான். 'தி ட்ரூ காஸ்ட்' படம் அதற்குப் பின்னரே வந்தது. ஆனால் படமெடுத்தவரே களத்தில் இறங்கிய ஒரு நிகழ்வு உண்டு. 'பிக்சர் மீ' எடுத்த சாரா ஜிஃப், 2012-இல் மாடல்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டே, பதினெட்டு வயது நிரம்பாத மாடல்களுக்கும் குழந்தை நடிகர்களுக்கு உள்ள பாதுகாப்பை வழங்கும் சட்டம் நியூயார்க் மாநிலத்தில் நிறைவேறியது. வேலை நேரத்துக்கு வரம்பு வந்தது, படிப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றாயிற்று, சம்பாதிப்பதில் ஒரு பங்கை அந்தப் பிள்ளையின் பெயரிலேயே சேமித்து வைக்க வேண்டும் என்றும் ஆயிற்று.